சிறுகதையைக் கையால் எழுதிப் பார்த்தபோது

முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டில் எங்கள் துறையில் ஆய்வேட்டுக்குப் பதிலாகப் படைப்புத் திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மாணவர் சொந்தமாக ஒரு சிறுகதை எழுத வேண்டும். சிறுகதை என்னும் வடிவத்தைப் பற்றி முப்பது பக்கத்தில் ஆய்வுரை ஒன்றையும் அதனோடு சேர்த்துக் கட்டி ஒப்படைக்க வேண்டும். நேர்காணல், அட்டவணை, அடிக்குறிப்பு என்று தோழிகள் அலைந்துகொண்டிருந்தபோது, இதுதான் சுலபம் என்று கணக்குப் போட்டு நான் பெயர் கொடுத்தேன். அந்தக் கணக்கு எங்கே தப்பியது என்பதையும், தப்பிய இடத்தில் எனக்கு என்ன கிடைத்தது என்பதையும் மறப்பதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

முதல் மூன்று வாரம் வரையறைகளைத் திரட்டுவதிலேயே போயிற்று. 1842-இல் ஹாத்தார்னின் கதைத் தொகுப்புக்கு அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ எழுதிய மதிப்புரையிலிருந்துதான் பெரும்பாலான நூல்கள் தொடங்குகின்றன. அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்கதாகக் கதை இருக்க வேண்டும், படிப்பவர் மனத்தில் ஒற்றை விளைவை உண்டாக்குவதற்காகவே அதன் ஒவ்வொரு சொல்லும் அமைய வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். இதையே நூலுக்கு நூல் சொல்லை மாற்றி எழுதியிருந்தார்கள். நானும் என் பங்குக்கு மாற்றி எழுதி ஆறு பக்கம் நிரப்பினேன். வரையறையில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் சேலைக்கு இத்தனை முழம் என்று சொல்வதைப் போன்றது அது. தறியில் உட்கார்ந்தவளுக்கு அடுத்த இழையை எங்கே ஓட்டுவது என்பதை அது சொல்லாது.

அடுத்து, தமிழின் முதல் சிறுகதை எது என்னும் பழைய வழக்குக்குள் விழுந்தேன். 1915-இல் விவேகபோதினி இதழில் வெளிவந்த வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமர’த்தையே முதல் கதையாகப் பள்ளியிலிருந்து சொல்லித் தந்திருக்கிறார்கள். ஐயருக்கு முன்பே பாரதியார் கதைகள் எழுதியிருக்கிறார் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. 1884-இல் தாகூர் எழுதிய, படித்துறையே தன் வாயால் சொல்வதாக அமைந்த வங்கக் கதையின் சாயல் அரசமரத்தில் இருக்கிறது என்று இன்னொரு தரப்பு காட்டுகிறது. நான் இரண்டு தரப்பையும் மாற்றி மாற்றிப் படித்து, தீர்ப்புச் சொல்லும் நீதிபதியைப் போலப் பத்துப் பக்கம் எழுதிவிட்டேன். அந்தக் கதையை எழுதிய ஐயர் 1925-இல் பாபநாசம் அருவியில், நீரில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய்த் தாமும் இறந்தார் என்பதும், அவருடைய கதையின் நாயகி ருக்மிணியும் நீரில்தான் உயிர் விடுகிறாள் என்பதும் என்னைச் சில நாள் அலைக்கழித்தன. திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் அருவி அது. ஆனால் என் ஆய்வுரையில் அதற்கு இடமில்லை.

அந்தப் பத்துப் பக்கத்தையும் படித்த நெறியாளர் மேடம், “முதல் சிறுகதை எதுன்னு கண்டுபிடிச்சிட்டா உன் சிறுகதையை எழுதிருவியாம்மா?” என்று மட்டும் கேட்டார். பிறகு, எனக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் எழுதிய இரண்டு கதைகளை எடுத்து, ஜெராக்ஸ் போடாமல், கோடு போட்ட நோட்டில் முதலிலிருந்து கடைசிவரை கையால் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். மூன்றாம் வகுப்பில் இம்போசிஷன் எழுதிய நினைவு வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது.

நான் கோவில்பட்டிக்காரி. எங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலையில் கயத்தாறுக்கு முன்னால் இடைசெவல் வரும். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்த ஊர் அது. ஒரே கிராமத்தில் பிறந்து சேர்ந்து வளர்ந்த நண்பர்கள் இருவரும் சாகித்ய அகாதெமி விருது பெற்றிருக்கிறார்கள். வாரந்தோறும் அந்த நிறுத்தத்தைக் கடந்துதான் கல்லூரி விடுதிக்குப் போய்வந்திருக்கிறேன். ஒருநாள்கூட இறங்கிப் பார்த்ததில்லை. ஆகவே அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’, கி.ரா.வின் ‘கதவு’ ஆகிய இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

கண்ணால் படிக்கும்போது வாக்கியங்கள் ஓடிவிடுகின்றன. கையால் எழுதும்போது ஒவ்வொரு வாக்கியமும் பேனாவுக்காகக் காத்திருக்கிறது. ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையை எழுதிக்கொண்டு போகையில் நான்காவது பக்கம் வந்தும் குழந்தைகள் தங்களிடம் உள்ளதைச் சொல்லிப் போட்டி போடுவதை நிறுத்தவில்லையே என்று எனக்குப் பொறுமை போயிற்று. பணக்கார வீட்டு ராமசாமி தன்னிடம் இருப்பதைச் சொல்ல, மங்கம்மாளும் அவளுடைய அண்ணன் தம்பிகளும் தங்களிடம் இருப்பதைச் சொல்லி ஈடுகொடுக்கப் பார்க்கும் விளையாட்டு அது. படிக்கையில் சுவையான தொடக்கம் என்று கடந்துவிட்ட பகுதி, எழுதும்போதுதான் அது தொடக்கமல்ல, கதையே அதுதான் என்று புரிந்தது. தீபாவளிக்கு முந்தைய நாள் பெற்றோரில்லாத, உடம்பெல்லாம் சிரங்கு பிடித்த ஒரு சிறுவன் அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்கிறான். மங்கம்மாளின் தாய் தாயம்மாள் அவனுக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி விடுகிறாள். அவன் பெயர் ராஜா. அவனுக்குக் கட்டிக்கொள்ளத் துணியில்லை. தந்தைக்கென்று எடுத்து வைத்த புதுத் துண்டை எடுப்பதா என்று தாய் தயங்கும்போது, அதைக் கொடுத்துவிடச் சொல்பவள் மங்கம்மாள். மறுநாள் ராமசாமி தன் வீட்டுக்கு ஜமீன் ராஜா வந்திருப்பதாகப் பெருமை பேச, அவள் தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்கிறாள். அதாவது, முதல் பக்கத்தில் தொடங்கிய போட்டி அப்போதும் முடியவில்லை. அந்தக் குழந்தையைப் பொறுத்தவரை அவள் தத்துவம் எதுவும் பேசவில்லை. எப்போதும் போலப் பதிலுக்குப் பதில் சொல்கிறாள். ஆசிரியர் இரக்கம் என்னும் சொல்லைக் கையில் எடுக்காமலேயே காரியத்தை முடித்துவிட்டார். முதல் நான்கு பக்கத்தை வெட்டியிருந்தால் கடைசி வரி வெறும் சிலேடையாகியிருக்கும்.

‘கதவு’ இதைவிடச் சிறியது. கோவில்பட்டியில் பஸ் ஏறி உட்கார்ந்து படிக்கத் தொடங்கினால் கயத்தாறு வருவதற்குள் முடிந்துவிடும் என்பதைச் சோதித்தே பார்த்தேன்; போவின் அரை மணிக் கணக்குக்கு நான் செய்த ஒரே கள ஆய்வு அதுதான். கதையில் லட்சுமியும் அவள் தம்பி சீனிவாசனும் வீட்டுக் கதவில் ஏறி ஆடுகிறார்கள். அது அவர்களுக்குப் பஸ். திருநெல்வேலிக்கு டிக்கெட் கேட்கும் விளையாட்டு. தெருவில் கிடைத்த, நாயின் தலை அச்சிட்ட ஒரு தீப்பெட்டிப் படத்தை அந்தக் கதவில் ஒட்டி அழகு பார்க்கிறார்கள். தீப்பெட்டி ஆலைகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு, அந்தப் படம் எந்த அளவில், எந்த நிறத்தில் இருந்திருக்கும் என்று சொல்லத் தெரியும். சிறுவயதில் நாங்களும் சேர்த்திருக்கிறோம். தீர்வை என்னும் நிலவரியின் பாக்கிக்காக ஊர்க் காவலாளான தலையாரி ஆட்களோடு வந்து அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறான். அதையும் விளையாட்டு என்று நினைத்துப் பிள்ளைகள் பின்னாலேயே போகிறார்கள். கதவில்லாத வீட்டுக்குள் குளிர்காற்று புகுந்து, கைக்குழந்தை இறந்துபோகிறது.

அந்த மரணத்தை எழுதும்போது என் பேனா நின்றது. அதற்கு முன் விளையாட்டுக்குக் கொடுத்த இடத்தில் ஒரு சிறு பங்கைக்கூட ஆசிரியர் சாவுக்குக் கொடுக்கவில்லை. நானாக இருந்தால் அங்கே இரண்டு பக்கம் ஒப்பாரி வைத்திருப்பேன் என்று நோட்டின் ஓரத்தில் குறித்தேன். கதை நேராகப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகிறது; சாவடியின் பின்புறம் கிடக்கும் தங்கள் கதவைச் சீனிவாசன் கண்டுபிடித்து அக்காவிடம் ஓடிவந்து சொல்கிறான். அதன்மேல் கறையான் ஏறியிருக்கிறது. லட்சுமி அதைத் தட்டிவிட்டுத் தன் பாவாடையால் துடைக்கிறாள். இருவரும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு கதை முடிகிறது. கதவு திரும்பக் கிடைத்ததா, தந்தை வந்தாரா, தாய் என்ன ஆனாள் என்று ஒன்றும் இல்லை. கதவு முதலில் பஸ்ஸாக இருந்தது, பிறகு குளிருக்குத் தடுப்பாக இருந்தது என்பது அது போன பின்னர்தான் தெரிந்தது, கடைசியில் இழந்த வீட்டு ஆளைப்போல ஆகிவிட்டது. ஆனால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஆசிரியர் அதைக் கதவு என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆசிரியர் வாயைத் திறக்கவே கூடாது என்று ஒரு விதியை அந்த வாரமே வகுத்து வைத்திருந்தேன். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ அதைக் கவிழ்த்துவிட்டது. கணவனுக்குப் பால்கஞ்சி வார்க்கக் காசில்லாத அம்மாளு இருட்டுச் சந்துக்குள் ஒதுங்கிய பிறகு, ஆசிரியர் வாசகரை நோக்கித் திரும்பி நின்று நேராகவே சாடுகிறார். என் விதிப்படி அது குற்றம். ஆனால் அந்தக் கதை முதல் வரியிலிருந்தே நகரத்தைச் சுற்றிக் காட்டும் ஒரு குரலால் நடப்பது. அந்தக் குரல் கடைசியில் நம் பக்கம் திரும்புவதை யாரும் அத்துமீறல் என்று சொல்ல முடியாது. 1933-இல் தொடங்கி, 1935-இல் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் முழுக்கச் சிறுகதைக்கென்றே ஆகிவிட்ட மணிக்கொடி இதழின் எழுத்தாளர்கள் ஒருவரைப் போல ஒருவர் எழுதவே இல்லை என்பதைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் உணர முடிகிறது. மௌனியையும் புதுமைப்பித்தனையும் ஒரே வரையறைக்குள் அடைக்க நான் செலவழித்த மாலைகளை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

அரசமரத்துக்கும் இந்த வெளிச்சத்தில் திரும்பிப் போனேன். எது முதல் கதை என்னும் வழக்கைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், அதில் கவனிக்க வேண்டியது அந்த மரத்தையே கதைசொல்லியாக ஐயர் ஓரிடத்தில் நட்டு வைத்தது. மரம் நகராது, ஊருக்குள் நடப்பது அதன் நிழலுக்கு வந்து சேர்ந்தால்தான் கதைக்குள் வரும். எங்கே நின்று பார்ப்பது என்று முடிவு செய்த உடனேயே, எதைப் பார்க்க முடியாது என்பதும் முடிவாகிவிடுகிறது. ஆய்வுரையில் நான் சொந்தமாகச் சொன்னது என்று காட்டத்தக்க ஒரே பகுதி இதை விளக்கும் எட்டுப் பக்கங்கள்தான்.

இனி என் கதை. அப்பா முப்பது ஆண்டுகள் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவர். லோயர், ஹையர் தேர்வுக்குப் பயிற்சி எடுக்க வருவோர் குறைந்து, வாடகைக்கே கட்டுப்படியாகாமல், மூன்று வருடங்களுக்கு முன்பு மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டார். அதைத்தான் கதையாக்க நினைத்தேன். முதல் வரைவு தாத்தா கடன் வாங்கி முதல் மெஷினை வாங்கியதில் தொடங்கி, அப்பாவின் திருமணம், பயிலகத்தின் பொற்காலம், கம்ப்யூட்டர் சென்டர்களின் வரவு என்று பதினேழு பக்கம் ஓடியது. தெரிந்ததையெல்லாம் சொல்லியிருந்தேன். மேடம் அதைப் படித்துவிட்டு, பன்னிரண்டாம் பக்கத்தில் எடைத் தராசு வரும் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சிறிய அம்புக்குறி ஒன்றைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வேறு குறிப்பு ஏதும் இல்லை.

அம்புக்குறி இருந்த இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கினேன். கதைசொல்லியாக நான் நிற்கும் இடம் பயிலகத்து வாசற்படி என்று வைத்துக்கொண்டேன். படியிலிருந்து தெரியாதது எதுவும் கதையில் வரக்கூடாது. வியாபாரியின் பையன் ஒவ்வொரு மெஷினாகத் தூக்கித் தராசில் வைக்கிறான். தமிழ் மெஷினின் ரிப்பன் அவிழ்ந்து அவன் கையில் கறுப்பு மை அப்பிக்கொள்ள, அவன் அதைச் சுவரில் துடைக்கிறான். அப்பா அந்தச் சுவரையே பார்க்கிறார். மெஷினைச் சாய்த்துத் தூக்கும்போது, தாளைத் தாங்கி நகரும் கேரேஜ் தானாக ஒரு பக்கம் ஓடி, வரி முடியப்போகிறது என்று அடிக்கும் மணி அடிக்கிறது; பல்லாண்டுப் பழக்கத்தில் அப்பாவின் இடது கை கேரேஜைத் தள்ளுவதற்கு உயர்ந்து பாதியில் நிற்கிறது. அதற்குப் பின்னால் அவர் கண் கலங்கியதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். லட்சுமியின் பாவாடையை நினைத்துக்கொண்டு அதை அடித்தேன். மறுநாள் மனம் கேட்காமல் திரும்பச் சேர்த்தேன். ஒப்படைக்கும் நாளன்று காலையில் மறுபடியும் அடித்தேன்.

கதை ஆறு பக்கத்தில் நின்றது. பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன் அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தேர்வுத் தாளைத் திருத்துவதைப் போல ஒவ்வொரு வரியின் அடியிலும் விரலை ஓட்டி நிதானமாகப் படித்தார். முடித்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

“எட்டு மெஷின்னு போட்டிருக்கியே. ஒம்பதும்மா.”

அந்த ஒன்பதாவது எங்கே போனது என்று கேட்டேன். பரணைக் காட்டினார்.