சீட்டுக்கு அடியில் ஒரு சாவி

காவேரிப்பட்டணத்துக்காரர்களுக்கு ஒகேனக்கல் போவது பயணக் கணக்கில் சேராது. காலை டிபனை முடித்துக் கிளம்பினால் பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, பென்னாகரம் என்று போய், மதியம் மீன் வறுவலோடு உட்கார்ந்துவிடலாம். போன ஆனி மாதம் நானும் மனைவியின் தம்பியும் ஒரே வண்டியில் அப்படித்தான் கிளம்பினோம்.

முன்னேற்பாட்டில் குறை சொல்ல முடியாது. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் கன அடி தண்ணீர் வருகிறது என்று முதல் நாளே செய்தியில் பார்த்தாயிற்று. நீர்வரத்து ஏறினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள், போன வழியே திரும்ப வேண்டியதுதான். டயருக்குக் காற்று, செயினுக்கு ஆயில், எல்லாம் ஆனது. ஸ்பேர் சாவியை வீட்டு பீரோவில் வைத்துவிட்டுப் பயணம் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரம். நான் அப்படி இல்லை. இன்சூரன்ஸ் நகல், ஆர்.சி. நகல், ஸ்பேர் சாவி மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன்.

பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். 1925-ல் அவர் காலமானது இந்த ஊரில்தான். தொழுநோய் என்று ரயிலில் ஏறவிடாதபோதும் நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகப் போன மனுஷன். அங்கிருந்து பென்னாகரம். அதைத் தாண்டி மலைப்பாதையில் இறங்க ஆரம்பித்ததும் காற்றின் வாசனையே மாறிவிடும்.

ஒகேனக்கல் போனால் எண்ணெய் தேய்க்காமல் வரக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம். பாறையில் குப்புறப் படுத்தேன். மசாஜ்காரர் முதுகில் தாளம் தட்டி, கழுத்தை ஒரு சொடுக்கு சொடுக்கி, எழுப்பி அனுப்பினார். உடம்பெல்லாம் எண்ணெய். போட்டிருந்தது ஜிப் இல்லாத ஷார்ட்ஸ். சாவி அதன் பாக்கெட்டில். அப்படியே போய் அருவியில் நின்றேன். அந்தத் தண்ணீர் தோளில் விழுகிற வேகத்தில் பாக்கெட்டின் ஞாபகம் யாருக்கு வரும்?

வண்டிக்குத் திரும்பி வந்து கையை விட்டால் பாக்கெட்டில் ஒரு பிடி மணல்தான் இருந்தது.

முதலில் பயமே வரவில்லை. “சீட்டுக்கு அடியில ஸ்பேர் இருக்குடா” என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. “சீட்டை எதால தொறப்பீங்க மாமா?” என்றான்.

சீட்டைத் திறக்கிற பூட்டுக்கும் அதே சாவிதான். சாவி என் உள்ளங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நடுவில் ரெக்சினும் ஸ்பாஞ்சும் ஒரு கொக்கியும். ஹேண்டில் லாக் வேறு போட்டிருந்ததால் வண்டியை நிழலுக்குத் தள்ளக்கூட முடியவில்லை. அவன் சீட்டைத் தட்டிப் பார்த்து, “உள்ளதான் இருக்கு” என்றான். ஆறுதலுக்குச் சொன்னானா, கிண்டலுக்கா என்று இன்றுவரை தெரியாது.

மீன் வறுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர்தான் பென்னாகரம் மெக்கானிக் பையனின் நம்பரைக் கொடுத்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தான். வந்தவன் பூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின் மட்கார்டு பக்கம் மண்டியிட்டான். சைக்கிள் கம்பி போல ஒன்றை முனையில் லேசாக வளைத்து, கீழிருந்து உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு துழாவினான். சீட் லாக்கின் கேபிள் கம்பியில் மாட்டியது போல. ஒரு இழு. ‘டக்’. சீட் எழும்பியது. மூன்று நிமிடம் ஆகியிருக்காது. “இதுக்கெல்லாம் சாவியே வேணாங்ணா” என்று சொல்லி 300 ரூபாய் வாங்கிக்கொண்டான்.

சாவி கிடைத்த சந்தோஷம் பென்னாகரம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. எனக்கு எட்டாத சாவி அவனுக்கு மூன்று நிமிடத்தில் எட்டியது. அவன் நல்ல பையன். கம்பியோடு வருகிறவன் எல்லாருமே நல்ல பையனாக இருப்பானா? இத்தனை வருடம் சீட்டுக்கு அடியில் நான் வைத்திருந்தது எனக்கான சாவியே இல்லை. திருடனுக்கான சாவி.

இன்னொன்றும் உறைத்தது. வண்டி திருடுபோய் இன்சூரன்ஸ் கேட்டால், கம்பெனிக்காரர்கள் இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்பார்கள். ஒன்று வண்டியோடு போயிருந்தால் அங்கேயே வழக்கு இழுக்க ஆரம்பிக்கும். உங்கள் அஜாக்கிரதைதானே என்று ஒரு கேள்வி வரும். அதற்கு என்னிடம் பதில் இருந்திருக்காது.

இதற்கு முந்தைய வண்டிகளிலும் பல இடங்களில் ஒளித்துப் பார்த்தவன்தான் நான். டேங்குக்கு அடியில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டினேன். இன்ஜின் சூடும் எங்கள் ஊர் வெயிலும் சேர்ந்து பசையை உருக்கி, சாவி ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. காந்த டப்பா வாங்கினேன். இன்றைய வண்டியில் பாதி பிளாஸ்டிக், மீதியில் பாதி அலுமினியம், காந்தம் எதில் ஒட்டும்? கஷ்டப்பட்டு ஃபிரேமில் ஓர் இடம் பிடித்தேன். தொப்பூர் கணவாய் இறங்கி ஏறியதும் டப்பாவைக் காணோம். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் கம்பியில் கட்டியது மட்டும் விழவில்லை. ஆனால் அதிர்ச்சியில் தகட்டோடு உரசி உரசிப் பல் தேய்ந்து, பூட்டில் நுழையும், திரும்பாது. டேங்க் பையில் வைக்கலாம் என்பவர்களுக்கு ஒரே வார்த்தை: ஒகேனக்கல் குரங்கு. ஜிப் திறக்க அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஸ்பேர் சாவி வண்டியிலும் இருக்கக்கூடாது, முதல் சாவி இருக்கிற அதே வளையத்திலும் கூடாது, வீட்டிலும் கூடாது. அப்புறம் எங்கே வைப்பது?

தாத்தா ஞாபகம்தான் வந்தது. மாங்காய் மண்டியில் பணம் வாங்கி வைக்கிற இரும்புப் பெட்டியின் சாவியை அவர் அருணாக்கயிற்றில் கட்டியிருப்பார். குளிக்கும்போதும் அது இடுப்பில்தான். பெட்டியை யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் சாவி போகாது. கிணற்றில் முங்கி எழுந்தாலும் போகாது. எண்ணெய் பூசிக்கொண்டு ஆற்றில் இறங்குகிறவனுக்கு இதைவிடத் தோதான இடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் சாவி இந்நேரம் மேட்டூர் அணைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் குடையடியில் உட்கார்ந்து சாவி போடுகிறவரிடம் இரண்டு டூப்ளிகேட் வெட்டினேன். என்னிடம் இருந்தது அதிகம் புழங்காத ஒரிஜினல் என்பதால் நன்றாக வந்தது. தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் அந்தத் தேய்மானமும் சேர்ந்தே வரும். வெட்டிய இடத்திலேயே இக்னிஷன், ஹேண்டில் லாக், பெட்ரோல் மூடி, சீட் என்று நாலிலும் போட்டுப் பார்த்தேன். பெட்ரோல் மூடியில் சிக்கியது, இன்னும் இரண்டு இழுப்பு அரம் வைத்துக் கொடுத்தார். சாவியின் தலைக்குள் சிப் இருக்கிற விலை உயர்ந்த வண்டிகளுக்கு இந்தக் குடை வைத்தியம் பலிக்காது. பூட்டு திரும்பும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. அவர்கள் ஷோரூமுக்குத்தான் போக வேண்டும். புது வண்டியோடு சாவி நம்பர் பொறித்த சின்னத் தகடு ஒன்று வரும். அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அங்கே வேலை சுலபம்.

இப்போது ஒரிஜினல் வீட்டில், வெட்டிய சாவி என் கையில், வெட்டிய இன்னொன்று இடுப்பில். விளிம்பு தோலை அறுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபைக் கொஞ்சம் வெட்டி மேலே மாட்டியிருக்கிறேன். மனைவி பார்த்துவிட்டு இரண்டு நாள் சிரித்தாள். தம்பிக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள்.

புரட்டாசி முடிந்ததும் மறுபடி ஒகேனக்கல் போனோம். அதே பாறை, வேறு மசாஜ்காரர். முதுகிலிருந்து இடுப்புக்கு வந்த கை சட்டென்று நின்றது.

“என்னங்க இது, தாயத்தா?”

“வண்டிச் சாவிங்க.”

“ஓ” என்றார். கயிற்றை ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டு, எண்ணெயை ஊற்றினார்.