தூக்கு வழக்கின் தேதிப் பட்டியல்

மரண தண்டனைக் கைதிக்காக மனு எழுத உட்கார்ந்தால், வாதத்துக்கு முன்னால் தேதிப் பட்டியலைத்தான் எழுதியாக வேண்டும். ஒரு நீளத் தாளில் 5 பத்திகள் போதும்: தேதி, யாரிடமிருந்து, யாருக்கு, இடையில் போன நாட்கள், அந்தத் தாமதம் யார் தலையில் விழும். வெளியே "போடு தூக்கில்" என்றும் "தூக்கையே ஒழி" என்றும் நடக்கிற சண்டையைப் பார்த்தால் இந்தத் தாளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல இருக்கும். ஆனால் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சாந்தன், முருகன், பேரறிவாளன் மூவரின் தூக்கு 2014 பிப்ரவரி 18 அன்று ஆயுளாகக் குறைந்ததற்குக் காரணம் இந்தத் தாள்தான். 2000 ஏப்ரலில் குடியரசுத் தலைவருக்குப் போன கருணை மனு 2011 ஆகஸ்டில் நிராகரிக்கப்பட்டது. 11 ஆண்டுகள் கோப்பு எங்கே இருந்தது என்ற கேள்விக்கு மத்திய அரசு சொன்ன பதிலை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

பட்டியல் போடும்போது வழக்கமாக நடக்கிற தவறு, கைதான நாளிலிருந்தே எண்ணுவது. விசாரணை, அப்பீல், சீராய்வு மனுவில் போன காலம் இந்தக் கணக்கில் சேராது. 1989-ல் திரிவேணிபென் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதைத் தெளிவாக்கிவிட்டது. அதற்கு முன் 1983-ல் தமிழ்நாட்டிலிருந்து போன வைத்தீஸ்வரன் வழக்கில் 2 ஆண்டுத் தாமதமே தூக்கைக் குறைக்கப் போதும் என்று ஒரு தீர்ப்பு வந்தது. அதே ஆண்டிலேயே இன்னொரு அமர்வு அதை ஏற்க மறுத்தது. இன்றைக்கு இத்தனை ஆண்டு என்ற நிலையான கணக்கு கிடையாது. கருணை மனு அரசின் மேசையில் கிடந்த காலம் எவ்வளவு, அதற்குக் காரணம் உண்டா என்பதுதான் பேச்சு. கைதி தரப்பே மனு மேல் மனு போட்டு இழுத்திருந்தால் அந்த மாதங்களை நாமே கழித்துக் காட்டிவிடுவது நல்லது. எதிர்த்தரப்பு கழித்துக் காட்டினால் மீதிக் கணக்கின் மேலும் நீதிபதிகளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பயங்கரவாத வழக்குக்கு இந்தத் தாமதக் கணக்கே பொருந்தாது என்றும் ஒரு கட்டத்தில் தீர்ப்பு இருந்தது. 1993-ல் டெல்லியில் நடந்த குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்ட தேவிந்தர் பால் சிங் புல்லரின் மனுவை 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லித்தான் தள்ளுபடி செய்தது. ஒன்பதே மாதத்தில் அந்த நிலை மாறியது. 2014 ஜனவரி 21 அன்று சத்ருகன் சவுகான் வழக்கில் 15 பேரின் தூக்கு ஒரே நாளில் குறைக்கப்பட்டது. தாமதம் எல்லாருக்கும் தாமதம்தான், தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) கைதி என்று தனி வகை கிடையாது என்றது அந்தத் தீர்ப்பு. அந்த 15 பேரில் 4 பேர் பாலாறு கண்ணிவெடி வழக்கில் தண்டிக்கப்பட்ட வீரப்பன் கூட்டாளிகள். மைசூரு தடா நீதிமன்றம் அவர்களுக்குக் கொடுத்தது ஆயுள்தான். 2004-ல் உச்ச நீதிமன்றம்தான் அதைத் தூக்காக உயர்த்தியது. அப்பீலுக்குப் போனால் தண்டனை குறையலாம், இல்லையென்றால் அப்படியே நிற்கும் என்று குடும்பங்கள் நம்புகின்றன. கூடவும் செய்யலாம் என்பதை அப்பீல் மனுவில் கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இனி விவாதத்துக்கு வருவோம். தூக்கு வேண்டும் என்பவர்கள் மனதில் இருக்கும் முகம் கசாப். மும்பை ரயில் நிலையத்தில் துப்பாக்கியோடு நிற்கும் படம், கேமரா பதிவு, நேரில் பார்த்த சாட்சிகள் எல்லாம் இருந்த வழக்கு அது. 2012 ஆகஸ்ட் 29-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது; நவம்பர் 21-ல் ஏரவாடா சிறையில் தூக்கு. தேதிப் பட்டியல் அரைப் பக்கத்தைத் தாண்டாது.

ஆனால் பயங்கரவாத வழக்குக் கட்டுகளில் கசாப்பைப் போன்றவர்கள் அபூர்வம். ஸ்ரீபெரும்புதூரில் பெல்ட்டை வெடிக்கச் செய்தவர் அங்கேயே இறந்தார். பின்னால் நின்று நடத்திய சிவராசன் 1991 ஆகஸ்டில் பெங்களூரு புறநகரில் போலீஸ் சூழ்ந்தபோது உயிரை விட்டார். 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றத்துக்குள் புகுந்த 5 பேரும் வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அக்‌ஷர்தாம் கோயிலில் சுட்ட 2 பேரும் அப்படியே. கூண்டில் வந்து நிற்பவர்கள் சுற்றுவட்டத்தில் இருந்தவர்கள்: வீடு பார்த்துக் கொடுத்தவர், வண்டி ஏற்பாடு செய்தவர், பேட்டரி வாங்கிக் கொடுத்தவர். வாங்கியதும் கொடுத்ததும் பல சமயம் மறுக்க முடியாத உண்மையாகவே இருக்கும். எதற்கென்று தெரிந்து கொடுத்தாரா என்பதில்தான் உயிர் தொங்குகிறது. மனதில் இருந்ததைக் காட்டக் கேமரா இல்லை. அந்த இடத்தை நிரப்ப வருவது வாக்குமூலம்.

சாதாரணக் கொலை வழக்கில் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. திருட்டு வழக்கிலும் செல்லாது. தடா சட்டத்தின் 15-வது பிரிவு அதைச் செல்லுபடியாக்கியது; எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்திருந்தால் போதும். தடாவுக்குப் பின் வந்த பொடா சட்டத்தில் அது 32-வது பிரிவு, திட்டமிட்ட குற்றக் கும்பல்களுக்கு எதிரான மகாராஷ்டிரத்தின் மோக்கா சட்டத்தில் 18-வது பிரிவு. தடாவும் பொடாவும் போய்விட்டன. இப்போதுள்ள ஊபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு) சட்டத்தில் இந்த ஏற்பாடு இல்லை. ஆனால் பழைய வாக்குமூலங்களின் மேல் எழுந்த தண்டனைகள் 20, 30 ஆண்டுகள் ஓடின.

இப்படி ஒரு வாக்குமூலம் கைக்கு வந்தால் பார்க்க வேண்டியவை உண்டு. தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மொத்தப் பக்கங்கள். 20 பக்கத்தை ஒரு மணி நேரத்தில் கேட்டு, எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்தும் வாங்கியதாக இருந்தால் கணக்கு எங்கோ இடிக்கிறது. பேசியவரின் மொழியும் எழுதப்பட்ட மொழியும் ஒன்றுதானா? இது உனக்கு எதிராகவே பயன்படும் என்று எச்சரித்த பிறகு யோசிக்க எவ்வளவு அவகாசம் கொடுத்தார்கள்? பொடா வழக்கென்றால் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்களா? நாலு பேரின் வாக்குமூலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படிப்பது அலுப்பான வேலைதான். ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப் பிழையோடு இரண்டு வாக்குமூலத்தில் கிடைக்கும் நாளில் அலுப்பு போய்விடும். கைதி அந்த வாக்குமூலத்தை மறுத்த தேதி முக்கியம். முதல் வாய்தாவிலேயே எழுத்தில் மறுக்காமல், குற்றச்சாட்டுப் பதிவான பிறகு வக்கீல் சொல்லித் தந்து மறுத்ததுபோலத் தெரிந்தால் மறுப்புக்கு மதிப்புக் குறைந்துவிடும். இங்கே கோட்டை விடுவது பெரும்பாலும் விசாரணை நீதிமன்ற வக்கீல். அதை உச்ச நீதிமன்றத்தில் சரிசெய்யவே முடியாது.

ராஜீவ் வழக்கில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு விதித்தது. தடா வழக்கு என்பதால் உயர் நீதிமன்றப் படியே கிடையாது. அப்பீல் நேராக உச்ச நீதிமன்றம். 1999 மே 11 தீர்ப்பில் 4 பேருக்குத்தான் தூக்கு நின்றது, 3 பேருக்கு ஆயுள், 19 பேர் வெளியே வந்தார்கள். அதே தீர்ப்பு இது தடா சட்டப்படியான பயங்கரவாதக் குற்றமே இல்லை என்றும் சொன்னது. குற்றம் தடாவில் வராது, ஆனால் தடாவின்படி வாங்கிய வாக்குமூலம் மட்டும் செல்லும்! சட்டக் கல்லூரியில் இதை விளக்கப் போனால் மாணவர்கள் இரண்டாம் முறை கேட்பார்கள். பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே, வாங்கிக் கொடுத்த பேட்டரிகள் எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தான் எழுதவில்லை என்று 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார்.

அக்‌ஷர்தாம் வழக்கில் 3 பேருக்குத் தூக்கு. குஜராத் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இறந்த தாக்குதல்காரர்களின் கால்சட்டைப் பையில் கிடைத்ததாகச் சொன்ன கடிதங்கள் முக்கியத் தடயம். குண்டு துளைத்து ரத்தத்தில் நனைந்த உடைக்குள் இருந்த தாளில் கிழிசலோ ரத்தக் கறையோ இல்லாதது எப்படி என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. தண்டிக்கப்பட்ட 6 பேரும் விடுதலை. தேதி 2014 மே 16. மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாள் என்பதால் நாட்டில் பாதிப் பேர் இந்தச் செய்தியைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கிலும் 5 தூக்கு, 7 ஆயுள் என்று 2015-ல் தீர்ப்பாகி, 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுவித்தது. அரசின் அப்பீல் உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது.

நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015 ஆகஸ்டில் தந்த 262-வது அறிக்கை தூக்கை ஒழிக்கச் சொன்னது. பயங்கரவாதத்தையும் நாட்டின் மீது போர் தொடுப்பதையும் மட்டும் விலக்கி வைத்தது. அரசியல் சாமர்த்தியம் என்று பார்த்தால் புரிகிறது. வழக்குக் கட்டுகளை வைத்துப் பார்த்தால் அந்த விலக்கு தலைகீழாக நிற்கிறது. ஆதாரத்துக்கான சட்டத்தை எந்த வகை வழக்கில் தளர்த்தினார்களோ, திருத்தவே முடியாத தண்டனையை அந்த வகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. பயம் காட்டுவதற்காக என்றால், இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வருகிறவருக்குக் கயிற்றைக் காட்டி என்ன பயன்?

எதிர்த்தரப்பில் உதறிவிட முடியாத வாதம் பாதிக்கப்பட்டவர்களுடையது. ஸ்ரீபெரும்புதூரில் பாதுகாப்புக்கு நின்ற போலீசாரும் செத்தார்கள். எழுவர் விடுதலையை எதிர்த்து அந்தக் குடும்பங்களில் சிலர் நீதிமன்றம் போனார்கள். அவர்களுக்கும் ஒரு தேதிப் பட்டியல் உண்டு, அதை யாரும் தட்டச்சு செய்வதில்லை. கோப்பு 11 ஆண்டு கிடந்தது அவர்களையும் வதைத்தது.

தண்டனை பற்றிய விசாரணை பெரும்பாலும் பத்து வரியில் முடிந்துபோகிறது: வயதான பெற்றோர், இரண்டு குழந்தைகள், கருணை காட்டுங்கள். 2022-ல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறை நடத்தை அறிக்கை, மனநல மதிப்பீடு, நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை எல்லாம் வரவேண்டும் என்றது. வழக்கு தொடங்கும்போதே பள்ளிச் சான்றிதழ், பழைய மருத்துவச் சீட்டு, சிறையில் படித்த படிப்பு ஆகியவற்றைத் திரட்டாவிட்டால் அந்த அறிக்கைகளில் எழுத எதுவும் இருக்காது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் தண்டிக்கப்பட்ட அப்சல் குருவின் தீர்ப்பில் சமூகத்தின் கூட்டு மனசாட்சி தூக்கால்தான் நிறைவடையும் என்ற பொருளில் ஒரு வாசகம் உண்டு. எதிரே வைக்கத் தாளில் ஒன்றுமில்லாதபோது அப்படிப்பட்ட வாசகம் கனத்துவிடும்.

அப்சலின் கருணை மனு 2013 பிப்ரவரி 3-ல் நிராகரிப்பு, 9-ல் தூக்கு. குடும்பத்துக்கு அனுப்பிய விரைவுத் தபால் காஷ்மீர் போய்ச் சேர்ந்தது 11-ம் தேதி. அதன் பிறகுதான் நிராகரிப்பைத் தெரிவித்த நாளுக்கும் தூக்குக்கும் இடையே 14 நாள் கட்டாயம் என்று சவுகான் தீர்ப்பு சொன்னது. அந்த 14 நாளுக்குள் நிராகரிப்புக் கடிதத்தின் நகல், வாரண்ட் நகல், சிறை மருத்துவக் குறிப்பு மூன்றையும் வாங்கிவிட வேண்டும். 1993 மும்பை தொடர் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்ட யாகூப் மேமனுக்காக 2015 ஜூலை 30 அதிகாலை 3 மணிக்கு மேல் உச்ச நீதிமன்றம் திறந்ததைப் பலர் பெருமையாகப் பேசுவார்கள். விடிவதற்குள் மனு தள்ளுபடியாகி, காலையில் நாக்பூரில் தூக்கும் நடந்துவிட்டது. கடைசி இரவில் போடுகிற மனுவுக்கு அவ்வளவுதான் பலம்.

2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 472-வது பிரிவு கெடு வைத்திருக்கிறது. அப்பீல் தள்ளுபடியானதை ஜெயில் சூப்பரண்ட் தெரிவித்த 30 நாளுக்குள் கருணை மனு போட வேண்டும். ஆளுநர் மறுத்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவரிடம் போக வேண்டும். மாநில அரசின் கருத்து வந்ததிலிருந்து 60 நாளுக்குள் மத்திய அரசு பரிந்துரைக்க வேண்டும், முடிவு வந்த 48 மணி நேரத்தில் சிறைக்குத் தெரிவிக்க வேண்டும். மாநிலம் கருத்துச் சொல்லக் கெடு இல்லை, குடியரசுத் தலைவர் முடிவெடுக்கவும் கெடு இல்லை. பஞ்சாப் முதல்வர் பியாந்த் சிங் கொலை வழக்கில் பல்வந்த் சிங் ராஜோவானாவுக்காக ஒரு சீக்கிய அமைப்பு கருணை மனு போட்டது 2012-ல். 2023-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோதும் அது முடிவாகாமல்தான் இருந்தது. புதிதாகப் பட்டியல் போடுகிறவர்கள் கெடு இல்லாத அந்த இரண்டு வரிகளுக்கும் தாளில் கொஞ்சம் கூடுதலாகவே இடம் விட்டுவைக்கலாம்.