பரிசுக்கு ஒரு ஆய்வு: மதுரை நாட்குறிப்பு

ஜூன் 9

மூளை நரம்பியலும் மனநல மருத்துவமும் சந்திக்கும் துறையில் ஆய்வு செய்யும் இளம் மனநல மருத்துவர்களுக்கான பரிசு அறிவிப்பைத் துறைத் தலைவர் இன்று எங்கள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். எம்.டி. முடித்துச் சில ஆண்டுகளே ஆனவர்கள்தாம் விண்ணப்பிக்கலாம். ஆய்வின் முதல் ஆசிரியராக விண்ணப்பிப்பவரே இருக்க வேண்டும். தேர்வாகிறவர்கள் மாநாட்டில் நடுவர்கள் முன் பேச வேண்டும். மூத்தவர் ஒருவர், "எம்.ஆர்.ஐ. படம் இல்லாத கட்டுரையை நடுவர்கள் ஏறெடுத்துப் பார்ப்பார்களா? பெரிய நிறுவனம் ஏதாவது ஒன்றோடு சேர்ந்து செய்யுங்கள்" என்று அக்கறையோடு சொன்னார். உடலில் செம்பு தேங்குவதால் வரும் வில்சன் நோய் முதலில் மனநோயாக வெளிப்பட்டவர்களின் பழைய கேஸ் ஷீட்டுகளை நான் ஏற்கெனவே படித்து வருகிறேன். அதையே அனுப்புவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூன் 12

இந்தக் குறிப்புகளைப் படிக்கும் மாணவர்களுக்காக நோயைப் பற்றிச் சற்று எழுதுகிறேன். உணவோடு உடலுக்குள் வரும் செம்பில் தேவைக்கு மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீர் வழியே வெளியேற்ற வேண்டும். அந்த வேலைக்கான மரபணு இரு பெற்றோரிடமிருந்தும் பழுதாக வந்து சேர்ந்தால், செம்பு முதலில் கல்லீரலிலும் பிறகு மூளையிலும் கண்ணிலும் படிகிறது. நோய் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் வெளிப்படுகிறது. சிலருக்குக் கை நடுக்கமோ நாக்குழறலோ தெளிவாகத் தெரியும் முன்பே படிப்பில் சரிவு, காரணமற்ற கோபம், அழுகை, சந்தேகம் ஆகியவை தொடங்கிவிடுவதால், குடும்பம் முதலில் எங்களிடம்தான் வருகிறது. நாங்கள் ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்தைத் தொடங்குகிறோம். இந்நோயாளிகளின் மூளை அத்தகைய மருந்துகளை எளிதில் தாங்குவதில்லை. உடல் விறைக்கிறது, அதை மருந்தின் பக்கவிளைவு என்று எழுதிவிட்டால், நோய் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் மறைந்துகொள்கிறது.

மருந்து இருக்கும் நோய் என்பதுதான் என்னை உறங்கவிடாத செய்தி. தேங்கிய செம்பைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் பெனிசிலமைன் மருந்தை ஜான் வால்ஷ் 1956இல் அறிமுகப்படுத்தினார். துத்தநாக மாத்திரையும் உண்டு. வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும் என்றாலும், உரிய காலத்தில் தொடங்கினால் பலர் மீண்டும் படிக்கவும் வேலைக்குப் போகவும் முடிகிறது. காலம் தவறினால், அதே மருந்து பாதியைத்தான் மீட்டுத் தருகிறது.

ஜூன் 15

இந்நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் கின்னியர் வில்சனைப் பற்றி மீண்டும் படித்தேன். இந்நோயைப் பற்றி எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த எம்.டி. ஆய்வேட்டுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1912இல் அது கட்டுரையாக வெளிவந்தபோது அவருக்கு வயது 33. மிகச் சில நோயாளிகளை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்து எழுதியது அது. அவர்களின் மனநிலை மாற்றங்களையும் அவர் குறிக்காமல் விடவில்லை. இளம் மருத்துவருக்குத் தரும் பரிசு எதைக் கௌரவிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மூளையையும் மனத்தையும் இணைக்கும் மருத்துவத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய பரிசுகளை நினைக்கும்போது மனம் கனக்கிறது. பால்வினை நோயான சிபிலிஸ் மூளையைத் தாக்குவதால் வரும் மனநோய்க்கு மலேரியாக் காய்ச்சலை வேண்டுமென்றே உண்டாக்கிச் சிகிச்சை அளித்த வாக்னர் யாவ்ரெக்குக்கு 1927இல் நோபல் வழங்கப்பட்டது. மூளையின் முன்மடலில் நரம்பிழைகளை வெட்டிய எகாஸ் மோனிஸுக்கு 1949இல் வழங்கப்பட்டது. சிபிலிஸால் வரும் அந்த மனநோயால் இறந்தவர்களின் மூளைத் துண்டுகளை நுண்நோக்கியில் பொறுமையாகத் தேடி, 1913இல் சிபிலிஸ் கிருமியை அங்கேயே கண்டுகாட்டிய நோகுச்சிக்கும் மூருக்கும் அது கிடைக்கவில்லை. அவர்களுடைய உழைப்பே மேலானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜூன் 20

பதிவேட்டு அறையில் பகல் முழுவதும் கழிந்தது. என் ஆய்வின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மனநல அறிகுறி தொடங்கிய நாளுக்கும் ஒருவர் அந்த நோயாளியின் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்ன நாளுக்கும் இடையே என்ன நடந்தது? கருவிழியின் ஓரத்தில் செம்பு படிந்து உண்டாகும் கெய்சர்–பிளெய்ஷர் வளையம், நரம்பு அறிகுறி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் காணப்படுகிறது. நம்மவர்களின் கரும்பழுப்பு விழிகளில் வெறும் கண்ணால் அதைக் காண்பது கடினம். மெல்லிய ஒளிக்கீற்றைப் பாய்ச்சிக் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவி வேண்டும். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய இந்த மதுரையில், அந்தக் கருவிக்குப் பஞ்சம் என்று எவரும் சொல்ல முடியாது.

கேஸ் ஷீட்டுகளில் என்னை நிறுத்தியவை செவிலியர்களின் குறிப்புகள். "உமிழ்நீர் வழிகிறது", "சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும்போது கை நடுங்குகிறது", "கையெழுத்து மாறிவிட்டதாகத் தாய் சொல்கிறார்" என்று அவர்கள் இரவுப் பணியில் எழுதிவைத்திருக்கிறார்கள். அதே நாளின் மருத்துவர் பக்கத்தில் மனநிலை பற்றிய விவரங்கள் மட்டுமே இருக்கின்றன.

ஜூன் 24

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு தாய் தம் மகனைத் தொடர்சிகிச்சைக்கு அழைத்து வந்திருந்தார். "சாமி குத்தம்னு நெனச்சு குலசாமிக்குக் கெடா வெட்டுனோம் டாக்டரம்மா. எழுத்து கோணலாப் போகுதுன்னு வாத்தியாரு அப்பவே சொன்னாரு" என்றார். திருமணம் பற்றிக் கேட்டேன். "தாய்மாமனத்தான் கட்டுனேன்" என்று தலைகுனிந்தார். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும்போது இருவரும் ஒரே பழுதான மரபணுவைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அது யாருடைய குற்றமும் இல்லை என்பதை அவருக்குப் புரியும்வரை சொன்னேன். பிறகு இளைய மகளைப் பற்றிக் கேட்டேன். உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் இந்நோய் இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்தப் பெண் நன்றாகப் படிக்கிறாள், ஒரு குறையும் இல்லை என்றார். குறை தெரியும் முன்பே கண்டுபிடிப்பதுதானே இதில் சிறந்த மருத்துவம்! அடுத்த முறை அவளையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 1

பரிசுக்கு அனுப்ப வேண்டிய ஆய்வுச் சுருக்கத்தை எழுதி முடித்தேன். நோய் உறுதியானவர்களின் பதிவுகளை மட்டுமே நான் பார்த்திருப்பதால், கடைசிவரை கண்டறியப்படாமலே போனவர்களைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்ல முடியாது என்ற வரியை நீக்கினால் கட்டுரை வலுவாகத் தெரியும் என்று நண்பர் ஒருவர் யோசனை கூறினார். நீக்கவில்லை. நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தாலும் அந்த வரி இருக்க வேண்டும். ஆய்வு எங்கே நிற்கிறது என்பதைப் படிப்பவர் அறிய உரிமை உள்ளவர்.

ஜூலை 7

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தோடு விண்ணப்பத்தை இன்று அனுப்பிவிட்டேன். செவிலியர் கண்காணிப்பாளரின் பெயரைத் துணை ஆசிரியர்களுள் சேர்த்திருக்கிறேன்; அவர்களின் இரவுக் குறிப்புகள் இல்லையென்றால் இந்த ஆய்வே இல்லை. மாலையில் துறைத் தலைவரிடம் பேசி, இளம் வயதில் மனநல அறிகுறியோடு நடுக்கமோ விறைப்போ பேச்சு மாற்றமோ உள்ள எவருக்கும் கண் பரிசோதனையும் இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் அளவும் கேட்க வேண்டும் என்ற வரியைப் புறநோயாளிப் படிவத்தில் அச்சிட அனுமதி பெற்றேன். பரிசுத் தொகை கிடைத்தால் நோயாளிகளின் உடன்பிறந்தவர்களுக்கான பரிசோதனைச் செலவுக்கு ஒதுக்குவேன். கிடைக்காவிட்டாலும் உசிலம்பட்டிப் பெண்ணுக்கு அடுத்த வாரம் இரத்தம் எடுக்க ஏற்பாடாகிவிட்டது.