திர்ஹத்தில் யார் பெயர்?

இஸ்லாமியப் பேரரசை ஆண்ட கலீஃபாக்களின் காசுகளைப் பட்டியலிடும் வேலை தராசில்தான் தொடங்கும். முதல் கலீஃபா வம்சமான உமையாக்களின் வெள்ளித் திர்ஹம் நல்ல நிலையில் இருந்தால் 2.9 கிராமை ஒட்டி நிற்கும். தங்கத் தீனார் 4.25. பத்துத் திர்ஹத்தின் எடை ஏழு தீனாரின் எடை என்பது கணக்கு. எடை குறைந்தால் உடனே போலி என்று எழுதிவிடக் கூடாது. விளிம்பைச் சுற்றியுள்ள குட்டி வட்டங்களை எண்ணுங்கள். ஒரு பக்கம் மட்டும் அவை காணாமல் போயிருந்தால் யாரோ வெள்ளியை நறுக்கி எடுத்திருக்கிறார்கள்.

உமையா கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டு) 77-இல் (696/697) தீனாரையும், 79-இல் திர்ஹத்தையும் மாற்றினார். அதுவரை அரபு ஆளுநர்கள் அடித்த வெள்ளியிலும் பாரசீகத்தின் சாசானிய மன்னரின் தலையும் நெருப்புப் பீடமும்தான் இருந்தன. விளிம்பில் மட்டும் பிஸ்மில்லாஹ் ('அல்லாஹ்வின் பெயரால்'). புதிய காசில் உருவமே கிடையாது. கலீஃபாவின் பெயரும் கிடையாது! கலிமா என்ற இஸ்லாமிய உறுதிமொழி, குர்ஆன் வசனங்கள், ஆண்டு. திர்ஹமாக இருந்தால் அடித்த ஊரும் உண்டு. ஸ்பெயினின் அந்தலூஸ் முதல் ஆப்கானிஸ்தானின் பல்க் வரை ஒரே வாசகம். அந்த அரசின் பலத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது என்றே சொல்வேன்.

ஆண்டைப் படிப்பதில்தான் அதிகம் சறுக்கும். எண்ணாக இல்லாமல் எழுத்தால் எழுதியிருப்பார்கள்; ஒன்றின் இடம் முதலில், பத்தின் இடம் அடுத்து. கூஃபி என்ற பழைய அரபு எழுத்தில் புள்ளி இல்லாததால் 'ஸப்உ' (ஏழு), 'திஸ்உ' (ஒன்பது) இரண்டும் நான்கு பல்லும் (குட்டி நிமிர்கோடு) ஐன் என்ற எழுத்துமாகத் தெரியும். வலமிருந்து பார்க்கும்போது முதல் பல் உயர்ந்திருந்தால் ஒன்பது, நான்காவது உயர்ந்திருந்தால் ஏழு. அச்சு வெட்டியவர் உயர்த்தாமல் விட்டிருந்தால் ஊர்தான் துணை. இராக்கில் வாசித் நகரத்தை உமையா ஆளுநர் ஹஜ்ஜாஜ் கட்டியது 702 வாக்கில், அதாவது ஹிஜ்ரி 83. ஆகவே வாசித் திர்ஹத்தில் 79 என்று படித்தால் தப்பு. எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் இதே குழப்பம் உண்டு; 97-ஆ 99-ஆ என்று மறுபடி பாருங்கள்.

ஹிஜ்ரி 132 (749/750) தனிக் கவனம் கேட்கும் ஆண்டு. இராக்கின் கூஃபா நகரம், உமையாக்களை வீழ்த்திய அப்பாஸியர் கைக்குப் போய்விட்டது; வாசித் முற்றுகையில் உமையாக்களுக்காகத் தாக்குப்பிடித்தது. ஆண்டு ஒன்று, அரசு இரண்டு. பின்பக்க நடுவில் 'அல்லாஹு அஹத்' என்று தொடங்கினால் உமையா. 'முஹம்மத் ரசூலுல்லாஹ்' இருந்தால் அப்பாஸியர்.

அதன் பிறகு பெயர்கள் வரத் தொடங்குகின்றன. அப்பாஸிய கலீஃபா மன்சூர் காலத்தில் ஈரானின் ரய் நகரக் காசில் அவர் மகன் மஹ்தி. கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் காலத்தில் வாரிசுகளோடு, அமைச்சர்களான பர்மக் குடும்பத்து ஜஃபரும். இவை கலீஃபா மனமுவந்து கொடுத்த இடங்கள். ஹிஜ்ரி 266-இல் எகிப்துத் தீனாரில் அங்கே ஆளுநராக இருந்த அஹ்மத் இப்னு தூலூன் பெயர் ஏறியது அப்படியல்ல. அந்த மாகாணத்தின் வரிப்பணம் அவர் பிடியில் இருந்தது. 334-இல் (945) ஈரானிய வம்சமான புவைஹிகள் பக்தாதுக்குள் நுழைந்த பின் தலைநகர்க் காசிலேயே கலீஃபாவோடு அவர்கள் தலைவர் முஇஸ்ஸுத் தவ்லா வந்துவிடுகிறார்.

வீழ்ச்சி என்றதும் எல்லோரும் 1258-ஐயும் பக்தாதை அழித்த மங்கோலியர் ஹுலாகுவையும் சொல்கிறார்கள். காசு அதை முந்நூறு ஆண்டு முன்பே சொல்லிவிட்டது. புவைஹிகள் காலத்துத் திர்ஹங்களில் ஒன்று 2 கிராமுக்குச் சற்று மேலே, அடுத்தது 4-ஐத் தாண்டும். கடைவீதியில் அவற்றை எண்ணி வாங்கவில்லை, நிறுத்து வாங்கினார்கள்.