பதினோராம் இலக்கப் பேருந்து

ஆகஸ்ட் 12

லீக்டன்ஸ்டைனில் குடியிருக்க அனுமதி தரும் குலுக்கலுக்கான விண்ணப்பம் போய்விட்டது. அதனோடு 100 பிராங்க்கும் போய்விட்டது.

ஆகஸ்ட் 15

இன்று லீக்டன்ஸ்டைனின் தேசிய நாள். கர்ப்பிணியான மனைவிக்குக் கால் வீங்கியிருந்ததால் நான் மட்டும் தலைநகர் வாடூஸுக்குப் போனேன். கோட்டைக்கு அருகிலுள்ள புல்வெளியில் இளவரசர் குடும்பத்தினரும் நாடாளுமன்றத் தலைவரும் உரையாற்றிய பிறகு, வந்தவர்கள் எல்லோரும் கோட்டைத் தோட்டத்துக்குள் அழைக்கப்பட்டார்கள். வாயிலில் எவரும் என்னிடம் அடையாள அட்டை கேட்கவில்லை. ஆட்சி செய்பவரின் தோட்டத்தில் அந்நியன் ஒருவன் கையில் குவளையோடு நிற்பது அங்கே யாருக்கும் பெரிய விடயமாகத் தெரியவில்லை.

இரவு வாணவேடிக்கை முடிந்து, ஆஸ்திரியாவின் ஃபெல்ட்கிர்க்கிலுள்ள வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் கால் வைக்க இடமில்லை. ஷானில் பாதிப் பேர் இறங்கினார்கள், நெண்டெல்னில் மிச்சப் பேரில் பாதி இறங்கினார்கள், ஷான்வால்டைத் தாண்டி எல்லையிலுள்ள டிசிஸ் சுங்கச் சாவடிக்கு வந்தபோது ஆறு பேர் இருந்தோம். எண்ணிப் பார்த்ததால் தெரியும்.

ஆகஸ்ட் 19

எண்களை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்துவிட்டால் அவை இரவில் வந்து தொந்தரவு செய்யாது என்று நினைக்கிறேன்.

நாட்டின் பரப்பு 160 சதுர கிலோமீற்றர். மக்கள்தொகை ஏறத்தாழ 40,000. வேலைகளின் எண்ணிக்கை அதைவிடக் கூடுதல். வேலை செய்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் காலையில் சுவிஸிலிருந்தோ ஆஸ்திரியாவிலிருந்தோ வந்து மாலையில் திரும்பிப் போகிறவர்கள். 1995 மே 1ஆம் திகதி இந்நாடு ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் சேர்ந்தபோது, மற்ற நாடுகளைப் போல எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டால் ஊர் தாங்காது என்று வாதாடிப் பெற்ற விதிவிலக்குத்தான் இன்றைக்கும் என் இரவுகளை ஆள்கிறது. வலயத்து நாடுகளின் குடிமக்களில் வேலை செய்பவர்களுக்கு ஆண்டுக்கு 56 வதிவிட அனுமதிகள், வேலை செய்யாமல் சொந்தப் பணத்தில் வாழ்பவர்களுக்கு 16. இரண்டிலும் பாதியை அரசு தானே தெரிவு செய்து கொடுக்கிறது. மறுபாதி குலுக்கலில் போகிறது. ஆகவே என்னைப் போன்றவர்களுக்கு 28. அதுவும் ஆண்டுக்கு இரண்டு குலுக்கல். சமமாகப் பிரித்தால் பதினான்கு.

பதினான்கு. எங்கள் தொழிற்கூடத்தின் உணவறையில் ஒரு நீள மேசையில் உட்காரக்கூடிய ஆட்கள்.

நோர்வேயும் ஐஸ்லாந்தும் இந்நாட்டைப் போலவே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாமல் வலயத்தில் மட்டும் இருப்பவை. அப்பா பதினொரு ஆண்டுகள் காத்திருந்து வாங்கித்தந்த நோர்வேக் கடவுச்சீட்டு இல்லையென்றால் இந்தக் குலுக்கலில் பெயர் கொடுக்கவே எனக்குத் தகுதியில்லை. அப்பா தன் காலத்தில் வாங்கியது ஒரு நாடு என்று நினைத்தார். அதற்குள் இப்படி ஒரு சீட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது அவருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 27

அம்மா நோர்வேயின் பேர்கனிலிருந்து அழைத்தார். இருபது ஆண்டுகளாகச் சீட்டுப் பிடித்தவருக்கு நான் விளக்க அதிகம் இருக்கவில்லை, முதல் கேள்வியே, "ஆர் தாச்சி?" என்பதுதான், சீட்டை நடத்துபவர் யார் என்று. அரசாங்கம்தான் தாச்சி என்றேன். "கட்டின காசு திரும்ப வருமோ?" வராது. "அப்ப அது சீட்டில்லை, தம்பி. சீட்டெண்டால் கடைசியாய் எண்டாலும் எல்லாருக்கும் ஒருக்கா விழவேணும்."

இந்த ஒரு வாக்கியத்தை நான் மூன்று நாட்களாகச் சுமந்துகொண்டு திரிவேன் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்காது.

செப்டம்பர் 3

டிசிஸில் நாற்பது நிமிடம் நின்றோம்.

செப்டம்பர் 9

எதிர் மேசைப் போர்த்துக்கீசர் இன்று தன் கணக்கைச் சொன்னார்: இது அவருக்கு ஒன்பதாவது குலுக்கல். ஒருமுறை முதற்சுற்றில் தப்பி இறுதிச் சுற்றுவரை போயிருக்கிறார். அதற்கு 500 பிராங்க் கட்டி, அதுவும் போயிற்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பு முடிந்த பிறகும் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார்.

பிள்ளை எங்கே பிறக்கப்போகிறது என்று கேட்டார். ஃபெல்ட்கிர்க் மருத்துவமனையில் என்றேன். "அப்படியானால் இந்நாட்டுக்காரன் மாதிரியேதான்" என்றார். வாடூஸ் மருத்துவமனையின் பேற்றுப் பிரிவு 2014இல் மூடப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து இந்நாட்டுத் தாய்மார்களில் பெரும்பாலோர் எல்லை தாண்டிப் போய், சுவிஸ் பக்கத்துக் கிராப்ஸிலோ கூரிலோ இந்தப் பக்கத்து ஃபெல்ட்கிர்க்கிலோதான் பெற்றுக்கொண்டு திரும்புகிறார்கள். ஆக, பிறந்த இடத்தைக் காட்டி எவரும் இங்கே பெருமை பேச முடியாது. வீட்டுக்கு வந்து இதை அவளிடம் சொன்னேன். "திரும்பிப் போறது எங்கை எண்டதுதானேயப்பா வித்தியாசம்" என்றாள்.

செப்டம்பர் 14

செயிண்ட் மார்கிரெத்தன் முருகன் கோவிலுக்குப் போய் வந்தோம். ஃபெல்ட்கிர்க்கிலிருந்து பிரெகென்ஸ் போய், அங்கே தொடருந்து மாறி, ரைன் நதியைக் கடந்து சுவிஸுக்குள் நுழைய வேண்டும்.

அர்ச்சனைத் தட்டைக் கொடுத்துவிட்டு நின்றபோது எனக்கு வேண்டுதல் வரவில்லை. பதினான்கில் நான் ஒருவனாக இருக்க வேண்டும் என்று கேட்டால், அந்தப் போர்த்துக்கீசர் அதில் இருக்கக்கூடாது என்று கேட்பதாகவும் ஆகிவிடுமோ என்ற குழப்பம். கடைசியில் சுகப்பிரசவத்துக்கு மட்டும் கேட்டேன். அவள் என்ன கேட்டாள் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 20

கேட்டால் கொடுக்கத் தயாராக இருக்கட்டும் என்று நிறுவனத்தில் பணிச்சான்றிதழ் கேட்டிருந்தேன். இன்று வந்தது. அப்பாவின் பெயர் முதற்பெயராகவும் என் பெயர் குடும்பப்பெயராகவும் அச்சாகியிருந்தது. திருத்தக் கொடுத்தேன். மாலையில் திரும்பி வந்த தாளில் பெயர்கள் சரியான ஒழுங்கில் இருந்தன, ஆனால் என் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. மூன்றாவது முறை போய்க் கேட்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் போனேன். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "உண்மையில் உங்கள் குடும்பப்பெயர் எது?" என்று ஆர்வத்தோடு கேட்டார். எங்களுக்குக் குடும்பப்பெயரே இல்லை, தலைமுறைக்குத் தலைமுறை மாறும் தகப்பன் பெயர்தான் உண்டு என்று சொல்லத் தொடங்கியபோது அவருடைய தொலைபேசி அடித்தது.

பிள்ளையின் பெயரில் என் பெயர் ஒட்டிக்கொள்ளும். அதன் பிள்ளையின் பெயரில் நான் இருக்க மாட்டேன்.

அக்டோபர் 2

முதற்சுற்றில் விழுந்திருக்கிறது.

அக்டோபர் 3

உறக்கம் இல்லை. கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் அதில் வாழ்த்து என்ற சொல் இல்லை. இறுதிக் குலுக்கலில் பங்குபெறலாம், கட்டணம் 500 பிராங்க். போர்த்துக்கீசருக்குக் கடிதம் வந்ததா என்று நான் கேட்கவில்லை. எனக்கு வந்ததை அவரிடம் சொல்லவும் இல்லை. இன்று மதியம் வேறு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அக்டோபர் 5

500 பிராங்க் கட்டிவிட்டேன்.

அப்பாவை நினைத்துக்கொண்டேயிருக்கிறேன். 1987இல் நோர்வேக்கு வந்த அப்பா, தஞ்சக் கோரிக்கைக்கான நேர்காணலில் நான்கு மணிநேரம் பேசினார். எந்த மாதம், எந்தச் சந்தி, எத்தனை பேர், உடுப்பு என்ன நிறம் என்று கேட்கப்பட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, அந்தப் பதில்களின் படியை ஒரு பிஸ்கட் பேணியில் சாகும்வரை வைத்திருந்தார். வட நோர்வேயின் ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்த ஆண்டுகளிலும் அந்தப் பேணி கட்டிலுக்கு அடியில் இருந்தது. மறுபடியும் யாராவது கேட்டால் ஒரு சொல் மாறிவிடக்கூடாது என்ற பயம். பதினோராவது வயதில் நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது, அந்தக் கதையில் ஒரு சிறிய பகுதியை எனக்கும் மனப்பாடம் செய்யக் கொடுத்தார்.

எனக்கு இங்கே எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏன் வர விரும்புகிறாய், என்ன படித்தாய், யாருக்கு என்ன பயன் என்று எதுவுமே கிடையாது. பெயர், பிறந்த திகதி, நாடு. அது நீதிதான் என்று பகலில் தோன்றுகிறது: நான்கு மணிநேரம் நம்பத்தக்கவனாக இருக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. பொய் சொல்லத் தெரிந்தவனும் அழத் தெரிந்தவனும் என்னை முந்த முடியாது. இரவில் வேறு விதமாகத் தோன்றுகிறது. ஆறு ஆண்டுகளாக இந்நாட்டின் பற்களுக்குப் பீங்கான் செய்கிறேன். அவர்களுடைய "ஹோய்" என்ற வணக்கத்துக்குப் பழகி நோர்வேயில்கூட அப்படிச் சொல்லிவிடுகிறேன். இவையெல்லாம் ஒரு சீட்டின் எடைகூட இல்லை என்றால், இவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது?

உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. அம்மா சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்பித்த காலத்தில் அதைப் பாடமாக நடத்தியிருக்கிறார். பராந்தக சோழன் காலம். ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, எதுவும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்வார்கள். ஆனால் குடத்துக்குள் பெயர் போவதற்கு முன்பே நிலம் உண்டா, சொந்த மனையில் வீடு உண்டா, வயது என்ன, கணக்குக் காட்டினானா என்று அத்தனையும் பார்த்துவிடுவார்கள். அங்கே வீடு இருப்பவனுக்குத்தான் குடம். இங்கே குடத்தில் விழுந்தவனுக்குத்தான் வீடு.

அக்டோபர் 13

ஷானில் அந்த வீட்டை மறுபடியும் பார்த்தேன். பார்த்தேன் என்றால், பேருந்திலிருந்து ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி அதன் முன்னால் நடந்துபோனேன். இரண்டாம் மாடி இன்னும் காலியாக இருக்கிறது. சன்னலில் திரைச்சீலை இல்லை. முற்றத்து ஆப்பிள் மரத்தில் பறிக்காத பழங்கள், கீழே விழுந்தவற்றில் குளவிகள். வீட்டுக்கார மூதாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வாளியோடு குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். நல்ல பழங்களை வாளியிலும் அழுகியவற்றை மண்வெட்டியின் அருகிலும் போட்டார். ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் மட்டும் அழுகியிருப்பதைக் கண்டு, மடிக்கத்தியால் அந்தப் பாதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார். வாடகை என்ன என்று கேட்கலாமா என்று வாய்வரை வந்தது. ஆப்பிள் புளித்தது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 21

சண்டை. ஃபெல்ட்கிர்க்கில் என்ன குறை என்று கேட்கிறாள். மருத்துவர் இங்கே, ஜெர்மன் வகுப்பு இங்கே, ஷாட்டன்பூர்க் கோட்டையின் கீழே சனிக்கிழமைச் சந்தை இங்கே. சம்பளம் பிராங்க்கில் வருகிறது, வாடகை யூரோவில் போகிறது, அதிலும் நட்டமில்லை. "உங்களுக்கு வீடு வேணுமோ, இல்லாட்டி வெல்ல வேணுமோ?"

நான் பேருந்தைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு மாலையும் ஒருவன் தான் வேலை செய்யும் இடத்திலிருந்து வெளியே அனுப்பப்படுவதைப் பற்றி. அனுப்புவது யார், நீங்களாகத்தானே ஏறி வருகிறீர்கள் என்றாள். அதற்கு என்னிடம் பதிலில்லை. ஆனாலும் நான் சொன்னது பொய்யில்லை.

அக்டோபர் 22

தேநீர் போட்டு வைத்திருந்தாள். ஒன்றும் பேசவில்லை, குடித்தோம்.

அக்டோபர் 29

ஃபோன் (Föhn) என்ற மலைக்காற்று. மலையிலிருந்து வெப்பமாக இறங்கி, அக்டோபரில் மேலங்கியைக் கழற்ற வைத்து, எல்லோருக்கும் தலைவலியைக் கொடுத்துவிட்டுப் போகும். மூன்று சகோதரிகள் மலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. பற்களின் நிறத்தை இன்று இரண்டு முறை தவறாகக் கலந்தேன்.

நவம்பர் 6

குலுக்கலில் விழுந்தால் கிடைப்பது வதிவிட உரிமைதான். குடியுரிமைக்கு முப்பது ஆண்டுகள் வசிக்க வேண்டும். இருபது வயதுக்கு முன் வசித்த ஆண்டுகள் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். பத்து ஆண்டுகளிலும் கேட்கலாம், ஆனால் அப்போது ஊர் மக்கள் வாக்களித்து ஏற்க வேண்டும். எனக்கு வயது 38. பிறக்கப்போகும் பிள்ளைக்கோ ஒவ்வோர் ஆண்டும் இரண்டாக ஓடும், தகப்பனை முந்திவிடும். பழைய குடியுரிமையைக் கைவிட வேண்டும் என்ற விதியைத் தளர்த்தக் கேட்ட வாக்கெடுப்பு 2020இல் தோற்றுவிட்டது. அப்பாவின் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் அந்த நாளை இன்று பேருந்தில் முழுமையாகக் கற்பனை செய்து முடித்தேன். அதில் எனக்கு வயது 68, மழை பெய்கிறது.

வராத சீட்டுக்கு இத்தனை கணக்கு.

நவம்பர் 15

ஒன்றும் இல்லை.

நவம்பர் 18

போர்த்துக்கீசரிடம் சொல்லிவிட்டேன். ஆறு வாரங்களாகவே தெரியும் என்றார். மேசை மாறிச் சாப்பிட்டபோதே புரிந்துவிட்டதாம். அவருக்கு இம்முறை முதற்சுற்றிலேயே இல்லை. "பத்தாவது முறைக்குப் பெயர் கொடுப்பீர்களா?" என்று கேட்டேன். நான் கேட்டது புரியாதவர்போல் பார்த்தார்.

நவம்பர் 22

அம்மா: "தாச்சி இன்னும் கூறேல்லையோ?"

நவம்பர் 28

கடிதப் பெட்டியில் மின்கட்டணப் பட்டியலும் ஒரு தளபாடக் கடையின் விளம்பரமும் இருந்தன. இரண்டுக்கும் இடையில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விளம்பரத்தை உதறிப் பார்த்தேன். படிக்கட்டில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

நவம்பர் 30

தொட்டிலின் பெட்டியை இரண்டு மாதங்களாகப் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிரித்துப் பூட்டிவிட்டால் மறுபடியும் கழற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று. இன்று காலை அவள், "அதுவரைக்கும் பிள்ளை நிலத்திலையோ படுக்கும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மதியம்வரை உட்கார்ந்து பூட்டினேன். ஒரு திருகாணி குறைகிறது. கடை திங்கட்கிழமைதான் திறக்கும்.