மருத்துவமனையின் வழிகாட்டிப் பலகைகள்

மருத்துவமனைக்குள் வழி தேடுபவர் பெரும்பாலும் வலியிலோ பதற்றத்திலோ இருப்பவர். அவர் நின்று நிதானமாகப் படிப்பார் என்று எண்ணிப் பலகையை வடிவமைப்பது வீண். நடைவழி இரண்டாகப் பிரியும் இடத்திலும் லிஃப்டை விட்டு வெளியேறும் இடத்திலும், அதாவது எந்தப் பக்கம் திரும்புவது என்று கால் தயங்கும் இடங்களில்தான் பலகை தேவை. நேரான சுவர் நெடுகிலும் மாட்டி வைப்பது, என் பார்வையில், செலவே தவிர உதவியன்று.

எழுத்தின் அளவைத் தொலைவே தீர்மானிக்கிறது: ஏறத்தாழ 7.5 மீட்டர் தொலைவுக்கு 25 மில்லிமீட்டர் உயரம் என்பது நடைமுறைக் கணக்கு; முதியோருக்கு அதனினும் பெரிதாக வேண்டும்.

வண்ணத்தை மட்டும் நம்பித் துறைகளைப் பிரிப்பதை நான் ஏற்பதில்லை. வயது கூடக் கூடக் கண்வில்லை மஞ்சள் நிறமடைவதால் நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள வேறுபாடு மங்குகிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோரும் பலர் உள்ளனர். தரையில் ஒட்டும் வண்ணக்கோடுகளோ (வடிவமைப்பாளர்களுக்கு இவற்றின்மேல் தீராத மோகம்) கூட்ட வேளையில் கால்களுக்கடியில் மறைந்துவிடுகின்றன. ஆகவே வண்ணத்துடன் எண்ணும் பெயரும் சேர்ந்து வர வேண்டும். மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் உள்ள பெயரே கடைசிக் கதவு வரை மாறாதிருக்க வேண்டும். கழிப்பறை, லிஃப்ட் போன்றவற்றுக்கு பொது இடச் சின்னங்களுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 7001-இன் சின்னங்கள் இருக்கையில் புதிதாக எதையும் வரைய வேண்டியதில்லை.