பழைய பாட்டுக்கு எந்த மோடு?

சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் இருக்கின்றன. ஆனாலும் அப்பாவின் பழைய தமிழ்ப் பாட்டு சிடிகளுக்கு ஆம்ப்ளிஃபயரில் ஸ்டீரியோ மோடுதான் வைப்பேன், அதாவது முன்னால் இடம், வலம் இருக்கும் ஸ்பீக்கர்களில் பாட்டு வரும். இரண்டு சேனல் ஒலியை எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் டால்பி ப்ரோ லாஜிக் 2 என்ற மோடு, இரண்டு சேனலிலும் பொதுவாக உள்ள ஒலியை நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும். அந்தக் காலத்து மோனோ பதிவில் இரண்டு சேனலும் ஒன்றேதான். முழுப் பாட்டும் நடுவில் ஒடுங்கிவிடும். அம்மாவுக்கு அது பிடிக்காது, எனக்கும்தான்.

ஸ்டீரியோவில் வந்த படத்துக்கு அந்த ப்ரோ லாஜிக் 2 அருமை: வசனம் திரையிலிருந்தே வரும், மழைச் சத்தம் பின்னாலும் கேட்கும். அப்புறம் தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வந்துவிட்டால் எல்லா ஸ்பீக்கரிலும் பாட்டு வரும் ஆல் சேனல் ஸ்டீரியோ மோடு. சமையலறையில் இருப்பவர்களுக்கும் பாட்டு கேட்க வேண்டுமே. படமே 5.1இல், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் தனித்தனி ஒலியோடு இருந்தால் எதையும் சேர்க்காமல் அப்படியே விடுங்கள்.